உங்களுக்குத் தெரியுமா? வாவிக்குள் இரண்டு உலகம்

உயிர் வாழக் கடினமான இடம் எது என்று பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் பாலைவனம், துருவம், ஆழ்கடல் என்று அடுக்குவார்கள். மட்டக்களப்பு வாவியை ஒருவரும் சொல்ல மாட்டார்கள். கல்லடிப் பாலத்தில் நின்று பார்த்தால் அவ்வளவு சாதுவான தண்ணீர். ஆனால் மாரி அடித்துப் பெய்த மார்கழியில் அந்தத் தண்ணீரை அள்ளினால் பல இடங்களில் ஏறக்குறைய நன்னீர். கச்சான் காற்று காய்ந்து முடிந்த ஆவணியில் அதே இடத்தில் அள்ளினால் வாயில் வைக்க முடியாது. பாலைவனம் என்றைக்கும் பாலைவனமாகவே இருப்பதால் அங்கே பிழைக்க ஒரு வித்தை போதும். இங்கே இரண்டு வேண்டும். போதாததற்கு, ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் வித்தையும் வேண்டும்.

●

56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவிக்கு வாய் இரண்டு. ஒன்று நகருக்குப் பக்கத்தில் பாலமீன்மடு முகத்துவாரம், மற்றது தெற்கே பெரியகல்லாற்றுப் பக்கம். கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கும். மாரியில் படுவான்கரை வயல்கள் மூழ்கும் நிலை வந்ததும் நாம் போய் வெட்டிவிடுகிறோம். வெட்டுவதா வேண்டாமா, எப்போது வெட்டுவது என்று வயல்காரருக்கும் மீன்காரருக்கும் வாக்குவாதம் வரும். கீழே இருக்கும் மீனை யாரும் கேட்பதில்லை. வாய் திறந்த சில மணி நேரத்திலேயே அதன் உலகம் மாறிவிடும்.

●

சந்தையில் பார்க்கும் ‘பூ’

மீன் வாங்கும்போது செவுளைக் கிளப்பிப் பூ சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்போம். அந்தப் பூ மூச்சு விடுவதற்கு மட்டும் உள்ள உறுப்பு அல்ல. அது ஓர் உப்புத் தொழிற்சாலையும்கூட.

மீனின் உடல்நீரில் உள்ள உப்பு, கடல்நீரின் உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆகவே கடலில் இருக்கும் மீனுக்கு எந்நேரமும் தாகம்: உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே இழுபட்டுக்கொண்டே இருக்கும். அது கடல்நீரையே குடித்து, கூடிப்போன உப்பைப் பூவிலுள்ள தனிக் கலங்களால் வெளியே தள்ளும். நன்னீரில் கதை தலைகீழ். தண்ணீர் தானாக உள்ளே புகும், உப்பு வெளியே கசியும். அங்கே மீன் தண்ணீர் குடிப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டு, நிறையச் சிறுநீர் கழித்து, அதே பூவால் உப்பை உள்ளே இழுக்கும்.

பெரும்பாலான மீன்களுக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் தெரியும். குளத்துக் கெண்டையைக் கடலில் விட்டால் சாகும், கடல் சூரையைக் குளத்தில் விட்டாலும் சாகும். வாவியில் நிலைத்து வாழும் மீன்களோ பொறியைத் திருப்பிப் போடத் தெரிந்தவை. உப்பைத் தள்ளும் கலங்கள் குறைந்து, உப்பை வாங்கும் கலங்கள் கூட, சில மணி நேரம் முதல் சில நாள் வரை ஆகும். முகத்துவாரம் வெட்டுகிற வேகத்துக்கு ஈடுகொடுக்கும் உறுப்பு இது.

●

நன்னீருக்கு வந்த மீனின் உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கும் ஓமோனின் பெயர் புரோலாக்டின். தாய்மாரில் பால் சுரக்கச் செய்வதும் அதே ஓமோன்தான். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா ஆக்கிக் கொடுக்கும் நம் கிழவிகளுக்கு இந்தச் செய்தி பிடிக்கும். சுறாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்லப்போவதில்லை, அடி விழும்.

●

சுறா வறை செய்யும் வீட்டில் முதலில் வரும் அந்த நெடி எதனால்? சுறா, திருக்கை இனங்கள் கடலின் உப்போடு மல்லுக்கட்டுவதில்லை. நாம் சிறுநீரில் கழித்துவிடும் யூரியாவை அவை இரத்தத்தில் சேமித்து, உடம்பின் செறிவைக் கடலின் செறிவுக்குச் சமமாக்கிவிடுகின்றன. தண்ணீர் இழுபடும் பிரச்சினையே இல்லை. அவ்வளவு யூரியா புரதங்களைக் கெடுக்குமே என்றால், கெடாமல் காக்க இன்னொரு வேதிப்பொருளையும் கூடவே வைத்திருக்கின்றன. சுறா செத்தபின் பற்றீரியாக்கள் அந்த யூரியாவை அமோனியா ஆக்கும். நெடி அதுதான். புளியோ தேசிக்காயோ சேர்த்தால் நெடி அடங்குவது, காரத்தை அமிலம் கட்டுவதால். சமையலறையில் நெடுங்காலமாக நடந்துவரும் இரசாயனம்.

●

பாலமீன்மடு என்ற ஊர்ப்பெயரிலேயே ஒரு மீன் நீந்துகிறது. பால்மீன் முட்டையிடுவது கடலில். கண்ணாடி போன்ற குஞ்சுகள் வாவி, கழிமுகம் தேடி உள்ளே வரும். நன்னீர் முதல் கடல்நீரைப் போல் இரண்டு மடங்கு உப்புவரை தாங்கக்கூடிய இனம் இது.

●

திலாப்பியா இந்த மண்ணின் மீன் அல்ல. 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. குளத்துக்கென்று வந்தது, உவர்நீரிலும் குடியேறிவிட்டது. முட்டையையும் குஞ்சையும் தாய் வாய்க்குள் வைத்துக் காப்பதால் தண்ணீரின் குணம் மாறினாலும் குஞ்சு பிழைக்கும். வந்தேறிகளில் இவ்வளவு இசைவாகத் தங்கியது வேறில்லை. அது நல்லதா கெட்டதா என்பது நீங்கள் மீனவரா சூழலியலாளரா என்பதைப் பொறுத்தது.

●

நாக்கால் உப்புத் துப்பும் முதலை

வாவியில் முதலை உண்டு என்பது கரையில் உடுப்புத் துவைக்கும் எல்லோருக்கும் தெரியும். உவர்நீர் முதலை கடலில் நாட்கணக்காக எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 1981 இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாப்ளினும் கிரிக்கும் விடையை அதன் வாய்க்குள்ளேயே கண்டுபிடித்தார்கள்: நாக்கின் மேற்பரப்பில் உப்புச் சுரப்பிகள். உடம்பில் கூடிய உப்பு அங்கே செறிந்த துளியாகக் கசிகிறது. கடலாமைக்கு இதே வேலையைக் கண்ணோரச் சுரப்பி செய்கிறது. முட்டையிட வரும் ஆமை கண்ணீர் விடுகிறது என்று நாம் இரங்குவது, அது உப்புக் கழிப்பதைப் பார்த்துத்தான்.

●

மட்டக்களப்பு நண்டின் பெயர் எங்கெல்லாம் போயிருக்கிறதோ, அங்கெல்லாம் நண்டும் உயிரோடு போகிறது. சிங்கப்பூரின் பெயர்பெற்ற மிளகாய் நண்டுக் கறிக்கு இலங்கைக் களிநண்டு என்றால் தனி மவுசு. காலைக் கட்டி, ஈரச் சாக்கு போட்டுப் பெட்டியில் அடுக்கினால் தண்ணீர் இல்லாமலே சில நாள் இருக்கும். ஓட்டுக்குள் செவுள் அறையில் ஈரம் காயாதவரை அது காற்றிலிருந்தே ஒட்சிசன் எடுத்துக்கொள்ளும். சேற்று வளைக்குள் தண்ணீர் வற்றும் நேரத்துக்காக வந்த வித்தை விமானப் பயணத்துக்கு உதவுகிறது.

இவ்வளவு தாங்கும் நண்டுக்கும் ஓர் எல்லை உண்டு. குஞ்சுப் பருவம் உவர் குறைந்த நீரில் பிழைக்காது. சினை நண்டு அதனால்தான் வாவியை விட்டுக் கடலுக்குப் போகிறது. இறாலும் அப்படியே: பிறப்பு கடலில், வளர்ப்பு வாவியில். அடைபட்ட முகத்துவாரம் ஒரு மகப்பேற்று விடுதியின் பூட்டிய கதவு.

●

கண்டலும் கண்ணாவும்: ஒரே சேறு, இரண்டு குணம்

வாவிக்கரைச் சேற்றை மிதித்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். ஒட்சிசன் இல்லாத அந்தச் சேற்றில் சல்பேற்றை வைத்து மூச்சு விடும் பற்றீரியாக்கள் வெளியிடும் வாயு அது. வேருக்கு நஞ்சு. அதோடு உப்பு வேறு. தென்னங்கன்றை அங்கே நட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கண்டல் மரம் வாசற்காவல் முறையைக் கையாள்கிறது. தண்ணீரை வேர் உறிஞ்சும்போதே உப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெளியே வடிகட்டிவிடும். வெண்கண்டல் என்றும் கண்ணா என்றும் சொல்லப்படும் மரம் கொஞ்சம் தாராளம்: உள்ளே வந்துவிட்ட உப்பை இலைகளிலுள்ள சுரப்பிகளால் வெளியேற்றும். வெயில் ஏறிய பின் அதன் இலையைத் தடவிப் பாருங்கள், விரலில் பொடி ஒட்டும். நக்கினால் உப்பு.

மூச்சுக்கும் இரண்டு வழி. கண்டல் முட்டுக்கொடுத்த வேர்களில் நுண்துளைகளை வைத்துக் காற்றை இழுக்கும். கண்ணா, பென்சில்களைச் சேற்றில் குத்தி வைத்ததுபோல் வேர்களை மேல்நோக்கி அனுப்பும். மூன்று மீற்றர் உயர மரம் ஒன்றுக்கே இப்படிப் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கலாம். வெறுங்காலோடு நடந்தவனுக்கு எண்ணிக்கை தேவையில்லை.

கண்டலின் விதை மரத்திலேயே முளைக்கிறது என்பதைப் பலர் அறிவர். முருங்கைக்காய் போல் தொங்குவது காய் அல்ல, ஏற்கெனவே முளைத்துவிட்ட பிள்ளை. உப்புச் சேற்றில் விதை முளைப்பதுதான் மிக ஆபத்தான கட்டம். அந்தக் கட்டத்தைத் தாயின் மேலேயே முடித்துக்கொண்டு, கீழே விழும்போது கன்றாகவே விழுகிறது. சேற்றில் குத்தினால் வேர்விடும், தண்ணீரில் விழுந்தால் மிதந்து வேறு கரை தேடும்.

ஆனால் வெட்டினால்? கண்ணாவை வெட்டினால் அடிமரம் தளிர்க்கும். கண்டலின் முற்றிய கிளையை வெட்டினால் தளிர்க்காது, அதற்கு ஒதுக்கில் மொட்டுகள் இல்லை. உப்பு, நஞ்சு, மூச்சுமுட்டல் மூன்றையும் தாங்கும் மரத்துக்குக் கத்தியைத் தாங்கத் தெரியவில்லை. போர்க்காலத்தில் பாதுகாப்புக்கென்று பாதையோரக் கண்டல்கள் வெட்டப்பட்ட கரைகளில் எது மீண்டும் வந்தது, எது வரவில்லை என்று கவனித்துப் பாருங்கள்.

●

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரமும் இந்தக் குடும்பக் கூட்டத்தில் ஒன்று. நம் வாவிக்கரையிலும் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் கண் எரிந்து பார்வையே மங்கும். விறகு வெட்டுவோர் அதை ஒதுக்கிவிடுவார்கள். மரத்துக்கு வேண்டியதும் அதுவே.

●

சேற்றில் துள்ளும் உளுவையைப் பார்த்திருப்பீர்கள்: தலையில் தவளைக் கண், முன்செட்டைகளால் நடை, கிட்டப் போனால் ஒரு தாவல். ஈரமான தோலாலும் வாயின் உட்புறத்தாலும் காற்றிலிருந்து மூச்சு எடுக்கும். கண் காயாமலிருக்க, கண்ணைக் குழிக்குள் இழுத்து நனைத்துக்கொண்டு மீண்டும் வெளியே தள்ளும். மீன் இனத்தில் கண் சிமிட்டுவது அபூர்வம். இன்னொன்று: இதன் வளைக்குள் இருக்கும் தண்ணீரில் ஒட்சிசன் இல்லை. அதனால் சில இனங்களில் ஆண் மீன் வாய் நிறையக் காற்றைக் கவ்விக்கொண்டு போய், முட்டையிருக்கும் அறையில் விட்டுவிட்டு வரும். திரும்பத் திரும்ப. வீட்டுக்குத் தண்ணீர் சுமக்கும் நமக்கு, வீட்டுக்குக் காற்றுச் சுமக்கும் தகப்பன் புதிது.

●

தண்ணீரில் மூழ்கிச் சாகும் மீன்

வாவியிலிருந்து படுவான்கரை வயலுக்குப் போவோம். பனையேறி மீனுக்குத் தலைக்குள் மடிப்பு மடிப்பாக ஒரு மூச்சுறுப்பு இருக்கிறது. வெறும் செவுள் அதற்குப் போதாது. வலையைப் போட்டு மேற்பரப்புக்கு வரவிடாமல் தடுத்தால், தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துவிடும். இந்த உறுப்பை நம்பித்தான் மழை இரவில் ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குப் புல்வழியே நகர்கிறது. தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் அதிகாரி டால்டார்ஃப், இந்த மீன் பனைமரத்தில் ஏறியதைக் கண்டதாக எழுதிய குறிப்பு 1797 இல் இலண்டன் லின்னேயன் சங்கத்துக்குப் போனது. பனை ஏறியதோ இல்லையோ, பெயர் ஏறிவிட்டது.

இதைவிட வியப்பான செய்தி நமக்குப் பக்கத்திலேயே உண்டு. எமர்சன் டெனன்ட் 1859 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில், கிழக்கு மாகாண அதிகாரி ஒருவர் நேரில் கண்டதைச் சொல்கிறார். வெருகல் ஆற்றங்கரைப் பக்கம், வற்றிப்போன குளத்தின் களிமண்ணை ஊரார் மண்வெட்டியால் வெட்டியபோது, கட்டிகள் உடைந்து உள்ளேயிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு அங்குல நீளமான மீன்கள் உயிரோடு வந்தன. ஐரோப்பிய வாசகனுக்கு இது கட்டுக்கதை. ஊராருக்கு அன்றைய கறி. காற்றைச் சுவாசிக்கத் தெரிந்த மீனுக்கு ஈரக் களிமண் கல்லறையாக வேண்டியதில்லை, கோடை வீடாகவும் இருக்கலாம்.

●

வயல் நத்தைக்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. வெயிலில் வயல் வெடித்ததும் மூடியை இறுக்கிக்கொண்டு மண்ணுக்குள் தூங்கிவிடும்.

●

2011 தை மாத வெள்ளத்தை மட்டக்களப்பில் மறந்தவர் இல்லை. வயல்கள் நாட்கணக்கில் நீருக்கடியில் கிடந்தன. சாதாரண நெற்பயிர் மூழ்கியதும் பதறும்: தலையை வெளியே நீட்ட விறுவிறுவென நீளும், சேமித்த மாச்சத்தைச் செலவழித்து, தண்ணீர் வடிந்ததும் சோர்ந்து சாயும். சில பழைய இனங்கள் மட்டும் எதிர்மாறு. மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்தி, மூச்சை அடக்கி, இரண்டு கிழமை வரை காத்திருக்கும். இதற்குக் காரணமான மரபணு 2006 இல் அடையாளம் காணப்பட்டது. ஒடிசாவின் ஒரு நாட்டு நெல் இதில் புகழ்பெற்றது. அதே குணத்துக்காக ஆய்வாளர்கள் பட்டியலிட்ட மற்ற நெல்களில் இலங்கையின் ‘குர்கறுப்பன்’ ஒன்று. பெயரைக் கேட்டால் நம் வயலில் பிறந்து நம் கண்ணுக்குத் தப்பிப் போனது போலிருக்கிறது.

உவருக்கு வேறு நெல் உண்டு. கேரளக் கழிமுகங்களின் பொக்காளி, சோடியத்தை இலைக்குப் போகவிடாமல் தடுக்கிறது. அதைப் பெற்றோரில் ஒன்றாகக் கொண்டு அம்பலாந்தோட்டையில் உருவானது அட் 354 என்ற உவர் தாங்கும் இனம். கண்டலும் பொக்காளியும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. ஒன்றைச் சோறாக்கலாம்.

●

எதையும் தாங்கும் என்று நாம் திட்டும் ஆற்றுவாழைக்கு உப்பு ஆகாது. மாரியில் வாவியை மூடிக் கிடப்பது, கடல்நீர் ஏறியதும் கருகி அழுகிக் கரையொதுங்கும். இரண்டு உலகத்தில் ஒன்று மட்டும் தெரிந்தவற்றின் கதி இது.

●

கொஞ்சம் வெளியே போய் வருவோம்

ஆனையிறவு, தூத்துக்குடி போன்ற உப்பளங்களில் உப்பு விளையும் தறுவாயில் பாத்தி இளஞ்சிவப்பாக மாறும். மீனும் நண்டும் ஒதுங்கிவிட்ட அந்தச் செறிவில் வாழும் நுண்ணுயிர்களின் நிறம் அது. அவற்றில் ஒரு கூட்டம் உப்பை வெளியே தள்ளுவதற்குப் பதிலாகப் பொட்டாசியம் உப்பைத் தன் கலத்துக்குள் நிரப்பிக்கொள்கிறது. அதன் புரதங்கள் உப்பு இல்லாவிட்டால்தான் கெடும். நல்ல தண்ணீரில் போட்டால் வெடித்துச் சாகும் உயிர் அது.

அதே பாத்தியில் துடிக்கும் ஆர்டீமியா என்ற சிறு கூனி, நிலைமை மோசமானால் குஞ்சுக்குப் பதில் ஓடிட்ட முட்டை இடும். ஒருவகைச் சர்க்கரையின் துணையால் அந்த முட்டை காய்ந்து தூசியாகி ஆண்டுக்கணக்கில் கிடக்கும். உப்புத் தண்ணீரில் போட்டால் ஏறக்குறைய ஒரு நாளில் பொரிக்கும். இறால் குஞ்சு வளர்ப்பவர்கள் டின்னில் வாங்குவது இதைத்தான்.

செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் போனால் மகாஓயா வெந்நீர்க் கிணறுகள். கன்னியா வெந்நீரில் குளிக்கலாம், இங்கே யோசித்துத்தான் கை வைக்க வேண்டும்: 50 பாகைக்கு மேல் சுடும் நீரும் உண்டு. முட்டையின் வெள்ளைக்கரு ஏறக்குறைய 60 பாகையில் உறையும். ஆனால் 1966 இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஊற்றில் தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவரும் எடுத்த பற்றீரியாவுக்கு 70 பாகைதான் சுகம். அதன் நொதியம் கொதிநிலைக்குக் கிட்டப் போனாலும் கெடாது. மரபுப்பொருளைப் பெருக்கும் பிசிஆர் முறைக்கு அது உயிர்நாடியானது. அந்த முறைக்காகக் கேரி மல்லிஸ் 1993 இல் நோபல் பரிசு பெற்றார். கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டபோது உங்கள் முடிவைச் சொன்னது வெந்நீர் ஊற்றுக் குடிமகன் ஒருவனின் சொத்து.

●

பாடுவது யார்?

மீன்பாடும் ஊர் என்ற பட்டம் நமக்கு உண்டு. பாடுவது மீன்தானா என்பது இன்னும் முடிவாகவில்லை. டெனன்ட் 1848 இல் வாவியில் தோணியில் போய்க் கேட்டார். மீனவர்கள் அவருக்குக் காட்டியது மீனை அல்ல, ஊரியை. சேற்றில் கிடக்கும் கூம்பு வடிவச் சிப்பி அழுகிறது என்பது அவர்கள் கட்சி. 1954 இல் இயேசு சபையைச் சேர்ந்த லாங் அடிகளார் அதை ஒலிப்பதிவு செய்தார். இலங்கை வானொலி பின்னர் ஒலிபரப்பியது. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள், இரசாயனம் கற்பித்தவர், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. அவரும் இதைக் கேட்டு, ‘நீரர மகளிர் இன்னிசைப் பாடல்’ என்று பாட்டாக்கினாரே தவிர யார் பாடுகிறார் என்று தீர்ப்புச் சொல்லவில்லை.

மீன் பாடுவதில் உடலியல் தடை ஏதும் இல்லை. கலங்கிய நீரில், இரவில், கண் பயன்படாது. ஒலியோ காற்றைவிட நாலு மடங்குக்கு மேல் வேகமாக நீரில் போகும். பல மீன்கள் காற்றுப்பையை மத்தளமாக்கி அதன் தசையால் அடிக்கின்றன. அமெரிக்கக் கரையின் தேரைமீன் ஒன்றில் அந்தத் தசை நொடிக்கு 200 தடவை சுருங்கும். முதுகெலும்பிகளில் மிக வேகமான தசைகளில் அது ஒன்று.

நீங்களே கேட்க விரும்பினால் சித்திரையிலிருந்து ஐப்பசி வரையுள்ள பூரணை இரவொன்றில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போங்கள். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறு முனையைக் காதில் வைக்க வேண்டும். பாலத்தில் மோட்டார் சைக்கிள் ஓயும் நேரமாகப் பார்த்துப் போனால் நல்லது. ஒரு மணிக்குப் பிறகு சொன்னால் தோணிக்காரர் கூடக் காசு கேட்பார்.